புதுப்பிப்பு: பாலத்தில் நின்ற கோச்சி ஓடத் தொடங்கிவிட்டது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: மட்டக்களப்பில் எங்கள் வீட்டு முன்மண்டபத்தில் ஞாயிறுகளில் எல்லோருக்கும் திறந்து வைக்கும் மாதிரி ரயில், அதிலுள்ள ஓட்டமாவடிப் பாலத்தின் மாதிரியில் மட்டும் விக்கி விக்கி நிற்கிறது, மோட்டார் பழுதா என்று.

மோட்டாரில் ஒரு பிழையும் இல்லை. தண்டவாளம்தான். பாலத்துக்கு அப்பா சேர்த்து வைத்திருந்த பழைய பித்தளைத் தண்டவாளத்தைப் போட்டிருந்தோம். எங்கள் வாவிக் காற்றுக்குப் பித்தளை கெதியாகக் கறுத்துவிடும். அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. எஞ்சினுக்கு வேண்டிய 12 வோல்ட் தண்டவாளத்திலிருந்து சில்லு வழியாகத்தானே ஏறவேண்டும்! ஐசோபுரப்பைல் அல்ககோலால் துடைத்தால் இரண்டு நாள் ஓடும், பிறகு பழையபடிதான். கடைசியில் நிக்கல் சில்வருக்கு மாற்றினோம். பெயரில் சில்வர் இருந்தாலும் உள்ளே செம்பு, நிக்கல், நாகம்தான். அதுவும் மங்கும், ஆனால் இப்படித் தொடர்பு அறாது. தம்பி பாலத்தின் இரு முனைக்கும் தனி வயர் பற்றவைத்தும் தந்தான்.

தண்டவாள அகலம் அசலுக்குப் பொருந்துகிறதா என்று கேட்டவருக்கு: இலங்கையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1676 மில்லிமீற்றர். எங்கள் மாதிரி 1:87, அதாவது அசலின் 87இல் ஒரு பங்கு; அந்த அளவில் அது 19.3 வரவேண்டும், நாங்கள் பாவிப்பது 16.5. அதை மாற்றினால் எல்லா எஞ்சினையும் மாற்றவேண்டும். விட்டுவிட்டோம்.

நேற்று ஏறாவூரிலிருந்து வந்த ஒரு அம்மம்மா பாலத்தடியை விட்டு அசையவில்லை. "முந்தி இதுக்குள்ளாலதான் மனே கோச்சியும் போகும், பஸ்ஸும் போகும்" என்று பேரனுக்குக் காட்டினார். இப்போது என் மகளுக்குப் பாலத்தில் ஒரு பஸ்ஸும் கேற்றும் வேண்டுமாம். அட்டை வெட்டத் தொடங்கிவிட்டோம்.