கீட்டோ ஆரம்பிக்கிறேன்: மளிகை லிஸ்டில் எதை வெட்ட, எதைச் சேர்க்க?

திருநகர்வாசி (கேள்வி)

வணக்கம். மதுரை திருநகர், வயது 36. கம்பெனி செக்கப்பில் ட்ரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு) கூடுதல், கல்லீரலில் கொழுப்பு என்று வந்தது. டாக்டரிடம் பேசிவிட்டுத்தான் கீட்டோவுக்கு, அதாவது மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் சாப்பாட்டுக்கு, வருகிறேன். மூன்று மாதம் இருந்து பாருங்கள், மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்போம் என்றிருக்கிறார். தினம் 30 கிராம் மாவுச்சத்துக்குள் நிற்க வேண்டும், அதுவரை புரிகிறது. புரியாதது கடைதான்.

ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் 'கீட்டோ' என்று தனி அலமாரியே வைத்திருக்கிறார்கள். கீட்டோ ஆட்டா, குக்கீஸ், சிரப், சாக்லேட், ஏதோ ஒரு எண்ணெய்ப் பொடி. விலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் வந்துவிட்டேன். வீடியோக்களில் சொல்கிற சுக்கினி, பேக்கன், ஹெவி கிரீம் எல்லாம் எங்கள் பக்கம் தேடி அலைய முடியாது.

வீட்டில் மளிகை அம்மா பொறுப்பு. மாதம் பிறந்தால் அண்ணாச்சி கடைக்கு லிஸ்ட் போகும்: பொன்னி அரிசி மூட்டை, துவரம்பருப்பு, உளுந்து, ரவை, சேமியா, எண்ணெய், புளி. நான் ஒருவன் மட்டும்தான் மாறுகிறேன், மற்றவர்களுக்குச் சோறுதான். அந்த லிஸ்டில் எதைத் தொட வேண்டும்? முட்டை, கறி, மீன் உண்டு. செவ்வாய், வெள்ளி சைவம்.

இன்னொன்று. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார். "தனித்தனியா யாரு சமைக்கிறது, நானும் ஒன்கூடவே இருந்துக்கிறேன்" என்கிறார். இருக்கலாமா?

அண்ணாநகர் அக்கா

தம்பி, அந்த அலமாரிப் பக்கமே இப்போதைக்குப் போகாதீங்க. மாவு இல்லாமல் சாப்பிடப் பழகுவதற்கு முன்னால் மாவு மாதிரி இருப்பதைத் தேடினால் நாக்கு பழைய இடத்திலேயே நிற்கும், பையும் காலியாகும். கறிக்கடை, காய்கறிச் சந்தை, உங்கள் அண்ணாச்சி கடை, இவ்வளவு போதும். நானும் மதுரைதான், ரொம்ப வருஷமாக இப்படித்தான் வாங்குகிறேன்.

கறிக்கடையில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அங்கேதான் பேச்சை மாற்ற வேண்டும். நம்ம ஊரில் கோழி கேட்டால் பல கடைகளில் கேட்காமலே தோலை உரித்துவிடுவார்கள். "தோலோட குடுங்கண்ணே" என்று முதலிலேயே சொல்லணும். கிலோவுக்கு விலையும் குறையும், கொழுப்பும் தோலில்தான் இருக்கிறது. நெஞ்சுப் பகுதி சக்கை மாதிரி இருக்கும். காலும் தொடையும் கேளுங்க. மட்டனில் நெஞ்செலும்பு, கொஞ்சம் கொழுப்பு சேர்த்து. எல்லாரும் "கொழுப்பு இல்லாம போடுங்க" என்று நிற்கிற வரிசையில் நீங்கள் இப்படிக் கேட்டால் கடைக்காரர் கத்தியை நிறுத்திவிட்டு ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார். ரெண்டு வாரம் போனால் அவரே எடுத்து வைத்துவிடுவார். ஈரல் வாரத்துக்கு ஒரு தடவை போதும். சிவப்பாக மசாலா தடவித் தட்டில் வைத்திருக்கும் சிக்கன் 65 மட்டும் வேண்டாம், அதில் சோள மாவு ஒளிந்திருக்கும். பாக்கெட் நக்கெட்ஸ், சாசேஜும் அதே கதைதான், பின்பக்கம் திருப்பினால் ஸ்டார்ச் என்று போட்டிருப்பான்.

மீன் என்றால் வஞ்சிரம் என்று நினைக்க வேண்டாம். மத்தியும் அயிலையும் நல்ல கொழுப்பு உள்ள மீன்கள், விலையும் சல்லிசு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கடற்கரையில் தடைக்காலம். அப்போது விலை எகிறும், முட்டைக்குத் தாவிவிட வேண்டியதுதான். முட்டை எப்படியும் வாரத்துக்கு ஒரு ட்ரே உங்களுக்கென்று தனியாக எடுத்து வையுங்க. ஒரு முட்டையில் மாவு, அதாவது மாவுச்சத்து, அரை கிராம்கூடத் தேறாது, புரதம் 6 கிராம்.

காய்க்கு எங்கள் அண்ணாநகர் உழவர் சந்தை. தமிழ்நாட்டிலேயே முதல் உழவர் சந்தை, 1999 நவம்பரில் திறந்தது. (எங்க ஏரியா பெருமையை நாங்கதானே சொல்லணும்.) உங்களுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே விடியற்காலையில் போங்க. மண்ணுக்கு மேலே காய்ப்பது பெரும்பாலும் சரி, மண்ணுக்குள் விளைவது பெரும்பாலும் ஆகாது. முள்ளங்கி மண்ணுக்குள் இருந்தாலும் நல்லது. வாழைக்காய், பட்டாணி, மக்காச்சோளம் வெளியே இருந்தாலும் ஆகாது. கணக்கு என்று பார்த்தால் மொத்த மாவிலிருந்து நார்ச்சத்தைக் கழித்த மிச்சம்தான் கணக்கு. 100 கிராமுக்குக் காலிஃப்ளவர், கத்தரிக்காய், சுரைக்காய் எல்லாம் 3 கிராம் வாக்கில் வரும், வெண்டைக்காய் 4, கேரட்டும் பீட்ரூட்டும் 7, உருளைக்கிழங்கு 15. புடலை, பீர்க்கு, வெண்பூசணி, முட்டைக்கோஸ், எந்தக் கீரையும் பயமில்லாமல் வாங்குங்க. வெங்காயம்தான் நம் சமையலில் சத்தமில்லாமல் ஏறுகிற ஆள். பெரிய வெங்காயமே 7, 8 கிராம் வரும், சின்ன வெங்காயம் அதைவிடக் கூட. வதக்கிக் குழம்பு வைக்கும்போது கைப்பிடிக் கணக்கைப் பாதியாக்கினால் போதும்.

அண்ணாச்சி லிஸ்டில் அரிசியைத் தொடாதீங்க, அது வீட்டாருக்கு. உங்கள் பங்குக்குச் சேர்க்க வேண்டியது தேங்காய், நெய், செக்கு நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், பாதாம், வெள்ளரி விதை, கல் உப்பு. தேங்காய் 100 கிராமில் கொழுப்பு 33 கிராம், மாவு நார் போக 6 தான். பாதாம் 100 கிராமில் 9 நிற்கும், முந்திரியில் 27 நிற்கும். அதனால் முந்திரியை டப்பாவில் அம்மா கண்ணுக்கு மட்டும் தெரிகிற இடத்தில் வைக்கச் சொல்லுங்க.

பொடி வகை பார்க்க வேண்டும். கடைச் சாம்பார்ப் பொடியில் துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் வறுத்து அரைத்திருக்கும், இட்லிப் பொடி முழுக்கப் பருப்பு. மல்லி, வற்றல், மிளகு, சீரகம் தனித்தனியாக வாங்கி உங்களுக்குக் கொஞ்சம் அரைத்து வைத்துக்கொள்ளுங்க. கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கும், ஆனால் சிட்டிகைக்கு அதைப் பார்த்தால் வாழவே முடியாது, விட்டுவிடலாம். புளியை அப்படிக் கண்டுகொள்ளாமல் விட முடியாது, 100 கிராமில் 60க்கு மேல் மாவு. உங்கள் குழம்புக்கு எலுமிச்சையோ தக்காளியோ.

கடைசியாக, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று: காபி. பால் 100 மில்லியில் சர்க்கரை போடாமலே 5 கிராம் மாவு இருக்கிறது. 150 மில்லி பால் விட்டு நாளைக்கு மூணு டம்ளர் குடித்தால் 22 கிராம் அங்கேயே போச்சு. கீட்டோவில் இருந்தும் எடை அசையவில்லை என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம் என்று சொல்லி அதை வாங்குவார்கள். கொழுப்பு கூடும், ஆனால் பாலில் உள்ள சர்க்கரை அப்படியேதான் இருக்கும். டிகாஷனில் வெந்நீர் விட்டு, டெட்ரா பாக்கெட்டில் வரும் ஃப்ரெஷ் கிரீம் ரெண்டு ஸ்பூன் கலந்து குடித்துப் பாருங்க. 25 சதவீதக் கொழுப்பு, நம் நுரைக் காபி மாதிரி வராது என்றாலும் காபிதான்.

இயற்கை விரும்பி

பொன்னியை நிறுத்திட்டுத் தினை, சாமை, கேழ்வரகுக்கு மாறுங்க ப்ரோ. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி. நம்ம பாரம்பரிய கீட்டோ அதுதான்.

அண்ணாநகர் அக்கா

சிறுதானியத்தில் நார் கூட, சத்து கூட, மறுக்கவில்லை. ஆனால் தினை, சாமை, கேழ்வரகு எதை எடுத்தாலும் 100 கிராமில் 60 கிராமும் அதற்கு மேலும் மாவுதான். ஒரு தட்டுச் சாமைச் சோற்றில் அவருடைய நாள் கணக்கு முடிந்துவிடும். கருப்பட்டி, வெல்லம், தேன் எல்லாமே இந்தக் கணக்கில் சர்க்கரைதான். அவர் கேட்டது கீட்டோ.

சைவ கீட்டோ, சேலம்

செவ்வாய், வெள்ளிக்கு நான் சொல்கிறேன், எனக்கு ஏழு நாளும் அதுதான். பன்னீர், காளான், கெட்டித் தயிர், தேங்காய், கீரை, டோஃபு கிடைத்தால் டோஃபு. பருப்பை நம்பிப் போகாதீர்கள், துவரம்பருப்பில் புரதத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மாவு. மீல்மேக்கரையும் பலர் வெறும் புரதம் என்று நினைக்கிறார்கள். 100 கிராமில் நார் போக 20 கிராம் மாவு இருக்கும், ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம்.

பன்னீரில் ஒரு எச்சரிக்கை. உதிரியாகக் கட்டியில் வெட்டித் தருவதில் சில இடங்களில் ஸ்டார்ச் கலந்து வருகிறது. எனக்கு ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) அப்படி மாட்டியது. வாணலியில் போட்டதும் ரப்பர் மாதிரி ஆனது, வாசனையே இல்லை. ஒரு துண்டை வெந்நீரில் போட்டு ஆறவிட்டு, மெடிக்கலில் விற்கும் டிங்க்சர் அயோடின் இரண்டு சொட்டு விட்டேன். கருநீலமாக மாறியது. நல்ல பன்னீரில் அயோடினின் பழுப்பு நிறமே நிற்கும். சோதித்த துண்டைத் தின்றுவிடாதீர்கள், சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

லேபிள் படிக்கும்போது முன்பக்கத்தை விட்டுவிடுங்கள். பின்பக்கம் சேர்மானப் பட்டியலில் எது எடை அதிகமோ அதுதான் முதலில் வரும். கடலை வெண்ணெய் டப்பாவில் கடலைக்கு அடுத்த இடத்தில் சர்க்கரை இருந்தால் கீழே வைத்துவிடலாம். அளவு '100 கிராமுக்கு' என்று இருக்கிறதா, 'ஒரு பரிமாறலுக்கு' என்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 15 கிராமுக்கு 3 என்று சின்னதாகத் தெரிவது 100க்கு 20 ஆகிவிடும். 'சர்க்கரை சேர்க்காதது' என்று எழுதிய பிஸ்கட்டில் மைதா இருக்கும். இனிப்புப் பொடிப் பாக்கெட்டில் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் இருந்தால் அதுவும் மாவுதான்.

கொடைக்கானல், தாண்டிக்குடிப் பக்கமிருந்து பட்டர் ஃப்ரூட் உங்கள் ஊருக்கு சீசனில் வரும். எங்களைவிட உங்களுக்குச் சுலபம். 100 கிராமில் நார் போக 2 கிராம்தான் மாவு. ஜூஸ் கடையில் மட்டும் வாங்காதீர்கள், பாதி சர்க்கரை.

மருந்தாளுநர்

காய்கறிக்கு முன்னால் அம்மா விஷயம். அவருடைய மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு என்று எழுதியிருந்தாலோ இன்சுலின் போட்டாலோ, சோற்றை நிறுத்திவிட்டு அதே அளவு மருந்து எடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வியர்த்துக் கொட்டும், மயக்கம் வரும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை இருந்தால் வேறு ஆபத்து. ரத்தத்தில் அமிலம் கூடுகிற கீட்டோஅசிடோசிஸ் வரலாம், அப்போது சர்க்கரை அளவு ரொம்ப ஏறாமலே இருப்பதால் வீட்டு மீட்டரை நம்ப முடியாது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இந்தப் பயம் குறைவு. எதுவானாலும் அவருக்கு மருந்து எழுதும் டாக்டர் அளவை மாற்றித் தராமல் அவர் ஒரு வேளைச் சோற்றைக்கூட விட வேண்டாம். சிறுநீரகக் கோளாறு இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு: முதல் வாரம் தலைவலி, அசதி, கெண்டைக்கால் இழுப்பு வரும். மாவு குறைந்ததும் உடம்பு தண்ணீரையும் உப்பையும் சேர்த்து வெளியே தள்ளும், அதனால்தான். ரத்த அழுத்தம் இல்லாதவர் என்றால் எலும்பு சூப்பில் உப்பு கொஞ்சம் தாராளமாகப் போடலாம். 'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட்டை எடுத்துவிடாதீர்கள். அதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும், டெல்மிசார்ட்டன் மாதிரி பிரஷர் மாத்திரை சாப்பிடும் வீட்டுக்கு அது நல்லதில்லை. மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுக்கும்போது ட்ரைகிளிசரைடோடு எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ராலையும் பாருங்கள். சிலருக்கு அது ஏறுகிறது.

திருநகர்வாசி

எல்லாருக்கும் நன்றி. அம்மா அட்டையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்து இருக்கிறது. கேட்டது நல்லதாகப் போயிற்று. டாக்டரைப் பார்க்கும்வரை அவருக்குப் பழைய சாப்பாடுதான் என்று சொல்லிவிட்டேன். கோபம், "அப்ப ஒனக்கு நீயே பொங்கிக்கோ" என்றுவிட்டார்.

சனிக்கிழமை வாங்க எழுதியிருப்பது: முட்டை ஒரு ட்ரே, தோலோடு கோழி, மத்தி, காலிஃப்ளவர் இரண்டு, சுரைக்காய், வெண்டை, அரைக்கீரை, முள்ளங்கி, எலுமிச்சை, நெய், பாதாம் கால் கிலோ, கல் உப்பு, ஃப்ரெஷ் கிரீம் ஒன்று. தேங்காய் எத்தனை என்று தெரியவில்லை. தனியாகச் சமைத்தால் வேலைக்குப் போவதற்குள் முடியுமா என்பதும் யோசனையாக இருக்கிறது.

அண்ணாநகர் அக்கா

தேங்காய் நாலு. சனிக்கிழமையே துருவிச் சின்னச் சின்ன டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டால் வாரம் முழுக்க ஓடும். கால் கிலோ பாதாமை ஒரே நாளில் கொறித்துவிடுவீங்க, முப்பது முப்பது கிராமாகப் பொட்டலம் கட்டுங்க.

தனிச் சமையல் எதுக்கு? கறிக்குழம்பு, மீன் வறுவல், பொரியல், கூட்டு வீட்டுக்கே ஒன்றுதான். அம்மா குழம்பில் மாவு, உருளை போடாமல் இருந்தால் சரி, பருப்புக் கூட்டாக இருந்தால் பருப்பு போடுவதற்கு முன்னால் காயை உங்களுக்கு எடுத்து வைக்கச் சொல்லுங்க. நீங்கள் மாற்றுவது சோறு ஒன்றைத்தான். காலிஃப்ளவரைத் துருவி, தண்ணீர் விடாமல், நெய்யில் சீரகம் தாளித்து அஞ்சு நிமிஷம் புரட்டினால் தட்டு ரெடி. மூடி போடாதீங்க, குழைந்துவிடும். சந்தையில் பூ இறுக்கமாக, வெள்ளையாக, இலை வாடாமல் இருப்பதாகப் பார்த்து எடுங்க. வீட்டுக்கு வந்ததும் உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் கொஞ்ச நேரம் போடுங்க, புழு இருந்தால் மேலே வந்துவிடும்.

ஆமா, ரெண்டு பத்தாது. மூணா வாங்குங்க. ஒன்றை அம்மாவே கோபி மஞ்சூரியன் பண்ண எடுத்துருவாங்க.