ஜூரி பார்ப்பது படத்தையா, பெயரையா?

கரிக்கோடு: "தேர்வுக்குழு படத்தைத்தான் பார்க்கும், பெயரைப் பார்க்காது" என்று நேற்று சட்டகம் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படம் அனுப்பக்கூடிய லண்டன் ராயல் அகாடமியின் கோடைக் கண்காட்சியில் 2018-இல் நடந்தது என்ன? முகம் காட்டாத பிரிட்டிஷ் தெரு ஓவியர் பேங்க்ஸி, யாருக்கும் தெரியாத வேறொரு புனைபெயரில் ஒரு படம் அனுப்பினார், தள்ளினார்கள். ஒரு மாதம் கழித்து ஒருங்கிணைப்பாளரே அவரைத் தேடி, பேங்க்ஸி பெயரிலேயே ஏதாவது தர முடியுமா என்று கேட்டார். அதே படத்தைக் கொடுத்தார், மாட்டினார்கள்.

சட்டகம்: அதே படம் இல்லை. தள்ளப்பட்டது முந்தைய வடிவம் என்று பேங்க்ஸியே எழுதியிருக்கிறார். அரைகுறையாகப் படித்துவிட்டு வராதீர்கள்.

கரிக்கோடு: முந்தைய வடிவம் என்றாலும் படம் ஒன்றுதான். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகக் கேட்ட பிரெக்ஸிட் பிரசாரப் பலகை, அதில் 'லீவ்' (விலகு) என்ற சொல்லை 'லவ்' (அன்பு) ஆக்கும் இதய பலூன். எண்ணம் ஒன்று, கை ஒன்று. மாறியது பெயர் மட்டும்.

சட்டகம்: அந்த முந்தைய வடிவத்தை நீங்கள் பார்த்தீர்களா?

கரிக்கோடு: நீங்கள் பார்த்தீர்களா?

நீர்வண்ணம்: அதை விடுங்கள். அகாடமி உறுப்பினர்கள் ஆளுக்கு ஆறு படைப்புகள் வரை தேர்வே இல்லாமல் வைக்கலாம். மற்றவர்கள் கட்டணம் கட்டி, முதல் சுற்றில் வெறும் புகைப்படமாகத் திரையில் வந்துபோக வேண்டும். நீர்வண்ணத் தாளின் சொரசொரப்பு அதில் தெரியுமா?

சட்டகம்: அது வேறு பேச்சு. நான் இங்கே நம் கண்காட்சிக்கு இரண்டு முறை தேர்வுக்குழுவில் உட்கார்ந்தவன். ஒரு படத்துக்குச் சில நொடிதான் கிடைக்கும். பெயரைத் தேட நேரமே இருக்காது.

கரிக்கோடு: அந்தச் சில நொடிக்காக நான் பதினொரு மாதம் வரைந்தேன். ஒரு வரிக் கடிதத்தில் திருப்பி அனுப்பினார்கள். ஏன் என்று இன்றுவரை தெரியாது. நொடிக் கணக்கைப் பெருமையாகச் சொல்கிறீர்களே!

சட்டகம்: உங்கள் கோபம் அதுதான் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம். பேங்க்ஸிக்குப் போனது அழைப்பு, அது ஜூரி தேர்வே இல்லை.

கரிக்கோடு: பெயரைப் பார்க்காமல் அழைப்பு எப்படிப் போகும்? அதே படம், பெயர் இல்லாதபோது குப்பை, பெயர் வந்ததும் சுவரில்.

சட்டகம்: முந்தைய வடிவம்.

நீர்வண்ணம்: திரையில் தாள் தெரியுமா என்று கேட்டேன். குழுவில் உட்கார்ந்தவர் பதில் சொல்லலாமே?

கரிக்கோடு: சொல்ல மாட்டார். போன வருடம் என் கேள்விக்கும் இப்படித்தான் நழுவினார்.