கலைச்சொல் விவாதம்: 'ஸ்நாட்' என்பதற்கு 'ஒருக்களிகட்டு'?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். லெகோ கட்டைகளால் ரயில் எஞ்சினும் லாரியும் அச்சு அசலாகக் கட்டுவது பற்றிய செய்முறைக் கையேட்டுக்காக ஒரே ஒரு சொல் கேட்டேன். கட்டையின் உச்சியில் புடைத்து நிற்கும் 'ஸ்டட்', அதாவது குமிழ், மேலே பார்க்காமல் பக்கத்தையோ தரையையோ பார்க்கும்படி கட்டையைத் திருப்பிக் கட்டும் உத்தியை ஆங்கிலத்தில் 'ஸ்நாட்' என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்பதே கேள்வி. இத்தனை பேர் பதில் எழுதியது பெரிய மகிழ்ச்சி. எல்லா மடல்களையும் கட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டே படித்தேன். அப்படிப் படித்ததில் சில சொற்கள் தாமாகக் கழன்றுவிட்டன, சில ஒட்டிக்கொண்டன. தனித்தனியே பதில் எழுதாமல் இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'ஸ்நாட்' என்றே எழுதிவிடலாமே. உலகம் முழுக்க அப்படித்தானே சொல்கிறார்கள்?

சொல்கிறார்கள்தான். 'ஸ்டட்ஸ் நாட் ஆன் டாப்' என்ற தொடரின் முதலெழுத்துகள் அவை. ஆங்கிலத்தில் மூக்குச்சளிக்கும் அதே சொல் என்பதால் அவர்கள் மனதில் சட்டென்று நின்றுவிடுகிறது. நம் வாசகருக்குச் சுருக்கமும் விரியாது, விளையாட்டும் புரியாது. லெகோ, லாரி, ரயில், எஞ்சின் எதையும் நான் தொடப்போவதில்லை. அவை நம் வாயில் பழகிய சொற்கள். 'ஸ்நாட்' அப்படி இல்லை.

> 'மேற்குமிழற்ற கட்டுமானம்' என்றால் மூலத்துக்கு மிக நெருக்கமாக இருக்கும்.

நெருக்கம்தான், ஐயா. ஆனால் அது இல்லாத ஒன்றைச் சொல்கிறது. மேலே குமிழ் இல்லை, சரி, பிறகு எங்கே இருக்கிறது? பக்கத்திலா, அடியிலா? கட்டுகிறவருக்கு வேண்டியது அதுதானே. இன்னொரு சிக்கலும் உண்டு. வழக்கமான முறையில் கட்டிவிட்டு, உச்சியை மட்டும் குமிழில்லாத வழவழப்பான தகட்டால் மூடினாலும் மேலே குமிழ் இருக்காது. அதையும் 'மேற்குமிழற்ற கட்டுமானம்' என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். அது நாம் சொல்லவரும் உத்தியே அல்ல.

அடிச்சொல்லை முதலில் முடித்துக்கொள்வோம். மற்றதெல்லாம் அதன்மேல்தான் ஏறி உட்காரப்போகிறது.

> ஸ்டட் என்பதற்கு 'முளை' பொருத்தம். முளையடிப்பது, முளையில் மாட்டைக் கட்டுவது எல்லாம் நம் வழக்கில் இருப்பவை.

எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் முளை தரைக்குள் இறங்குவது. இங்கே அது நிமிர்ந்து நிற்கிறது, மற்றொரு கட்டை அதன்மேல் வந்து கவ்வுகிறது. குமிழ் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது பாதக்குறடு. அதன் குமிழைப் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் கவ்விக்கொண்டுதான் நடக்கவேண்டும். கட்டைக்குள்ளேயும் இதேதான் நடக்கிறது. மேல்கட்டையின் சுவரும் உள்ளே இருக்கும் குழலும் இரண்டு விரல்கள் போல, கீழ்க்கட்டையின் குமிழை இடையில் இறுக்கிப் பிடிக்கின்றன. 1949-இல் வந்த கட்டைகளுக்கு அடியில் குழல் கிடையாது, வெறும் பொந்துதான், பிடிப்பும் சுமார்தான். டென்மார்க்கில் 1958 ஜனவரி 28 அன்று லெகோ நிறுவனத்தின் காட்ஃபிரெட் கிர்க் கிறிஸ்டியன்சன் பதிவு செய்த காப்புரிமைதான் குழலை உள்ளே கொண்டுவந்தது. குமிழும் குழலும் சேர்ந்தால்தான் பிடிப்பு. மூன்று சொற்களும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

குமிழ் என்றால் மரம் அல்லவா, அதன் பூவைத்தானே புலவர்கள் மூக்குக்கு உவமை சொன்னார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான். ஆனால் கதவுக் குமிழையும் குமிழ்முனைப் பேனாவையும் பார்த்து யாரும் மரத்தை நினைப்பதில்லை. இங்கும் நினைக்கமாட்டார்கள்.

குமிழ் அமைந்துவிட்டால் அளவைச் சொல்ல வேறு சொல்லே தேவையில்லை. ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மி.மீ. 'எட்டுக்குமிழ் எஞ்சின்' என்றால் 64 மி.மீ. அகலம். ஐரோப்பிய லாரி ஒன்றின் அகல வரம்பு 2.55 மீட்டர். அதை 40-இல் ஒரு பங்காக்கினால் 63.75 மி.மீ., அதாவது எட்டுக்குமிழ். உயர வரம்பு 4 மீட்டர், அதே கணக்கில் 100 மி.மீ. ஒரு கட்டையின் உயரம் 9.6 மி.மீ., தகடு அதில் மூன்றில் ஒரு பங்கு. பத்துக் கட்டையும் ஒரு தகடும் அடுக்கினால் 99.2 வரும். அதனால்தான் லாரி கட்டுகிறவர்கள் பலர் எட்டுக்குமிழில் நிற்கிறார்கள்.

ரயில் இப்படிக் கைக்கு அடங்காது. தண்டவாளங்களின் நடுவுக்கு நடு ஐந்து குமிழ், உள்ளிடைவெளி ஏறத்தாழ 37.5 மி.மீ. உண்மையான 1435 மி.மீ. பாதையோடு ஒப்பிட்டால் 38-இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு 3 மீட்டர் அகல எஞ்சினைக் கட்டினால் பத்துக்குமிழ் ஆகிவிடும். பெட்டியின் நீளமும் அதே விகிதத்தில் கூடும். லெகோவின் வழக்கமான வளைவின் ஆரமோ வெறும் 40 குமிழ், 320 மி.மீ. நீண்ட பெட்டி அதில் திரும்பும்போது வயிறு உள்ளேயும் முனைகள் வெளியேயும் தள்ளிக்கொண்டு, பக்கத்துப் பாதையில் நிற்பதை இடித்துவிடும். ஆகவே பாதை ஒரு விகிதம், வண்டி ஒரு விகிதம் என்று ஒத்துக்கொண்டு எட்டுக்குமிழுக்கு இறங்கிவருகிறார்கள். கையேட்டில் இதற்குத் தனி அத்தியாயமே வைத்திருக்கிறேன், இங்கே விடுகிறேன்.

இனி தலைப்புச் சொல்.

ஒரு பழைய லாரியின் முகப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன். ரேடியேட்டருக்கு முன்னால் செங்குத்தான கம்பிகள் வேண்டும். இரண்டு விளக்குத் தூண்களுக்கும் நடுவே நான்கு குமிழ் இடம் விட்டிருந்தேன். கறுப்பும் சாம்பலுமாகத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, அடுக்கைப் பக்கவாட்டில் செருகுவதாகத் திட்டம். மூன்று தகடு ஒரு கட்டை என்று கை பழகியிருந்ததால், நான்கு குமிழுக்குப் பன்னிரண்டு தகடு எண்ணி அடுக்கிவிட்டேன். செருகப்போனால் உள்ளே போகவில்லை. அழுத்தினேன், வலப்பக்கத் தூண் பிளந்துகொண்டு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மகள் அடுக்கை வாங்கி இடைவெளியின்மேல் வைத்துப் பார்த்தாள். "ஒருக்களிச்சுப் படுக்க வச்சா ரெண்டு கூடுதும்மா" என்றாள். சரியாக இரண்டு. 12 தகடு 38.4 மி.மீ., நான்கு குமிழ் 32 மி.மீ., மிச்சம் 6.4.

இந்த உத்தியின் உயிர்க்கணக்கே இதுதான். தகட்டின் கனம் 3.2 மி.மீ. ஐந்து தகடு ஒருக்களித்தால் 16 மி.மீ., அது சரியாக இரண்டு குமிழ். நான்கு குமிழுக்குப் பத்து. அதிலும் ஒன்பதுதான் குமிழ்த் தகடு, பத்தாவது குமிழில்லாத தகடாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கடைசிக் குமிழ்கள் போய் வலத்தூணை முட்டும். லெகோ கட்டைகளைக் கணினியில் கட்டிப் பார்க்க ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் 1995-இல் உருவாக்கிய எல்டிரா மென்பொருளின் அலகில் கணக்கு இன்னும் துப்புரவாக இருக்கும்: தகடு 8, குமிழ் 20, கட்டையின் உயரம் 24. ஐந்து எட்டு நாற்பது, இரண்டு இருபது நாற்பது.

கணக்கு இருக்கட்டும். அவள் சொன்ன சொல்லை அன்றிரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். நாம் படுப்பதற்கு மூன்று வகைதான் சொல்கிறோம்: மல்லாந்து, ஒருக்களித்து, குப்புற. குமிழ் இருக்கும் பக்கத்தைக் கட்டையின் முகம் என்று வையுங்கள். வழக்கமான முறையில் கட்டும்போது கட்டை மல்லாந்து கிடக்கிறது. லாரியின் முகப்பில் ஒருக்களித்துக் கிடக்கிறது. அடிப்பாகத்தில் குமிழ் தரையைப் பார்க்கும்படி வைத்தால் கவிழ்ந்து கிடக்கிறது. ஆங்கிலச் சுருக்கம் இந்த இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறது. நம் சொற்களோ கை செய்யும் வேலையை அப்படியே சொல்கின்றன.

ஆகவே என் முன்மொழிவு: குமிழ் மேல்நோக்கிய வழக்கமான முறை நிமிர்கட்டு, பக்கம் நோக்கியது ஒருக்களிகட்டு, கீழ்நோக்கியது கவிழ்கட்டு. பின்னவை இரண்டையும் சேர்த்துச் சொல்லவேண்டிய இடத்தில் திருப்புகட்டு. 'மல்லாகட்டு' என்றும் எழுதிப் பார்த்தேன், மல்லுக்கட்டு போல் ஒலித்தது, விட்டுவிட்டேன்.

> 'ஒருக்களிக்கட்டு' என்று வல்லினம் மிகவேண்டாமா?

வேண்டாம் என்றே நினைக்கிறேன். சுடுசோறு, ஊறுகாய் போல இவை எல்லாம் வினைத்தொகை, வல்லினம் மிகாது. நான்கும் ஒரே அச்சில் இருப்பதால் ஒன்றைக் கற்றவருக்கு மற்றவை தானே வரும். 'ஒருக்கட்டு' என்று சுருக்கலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். ஒரு கட்டு விறகு, ஒரு கட்டு கீரை என்றுதான் கண் படிக்கும்.

> 'குத்துக்கட்டு' சுருக்கமாக இல்லையா? குத்துக்கல் மாதிரிதானே நிற்கிறது?

முகப்புக் கம்பிகளுக்குப் பொருந்துகிறது, அம்மா. சுருக்கத்தில் என் சொல்லை அது வென்றுவிடுகிறது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'குத்து' கட்டையின் நிலையை மட்டும் சொல்கிறது, குமிழ் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைச் சொல்வதில்லை. ஒருக்களித்தவரைப் பார்த்தால் 'எந்தப் பக்கமாக?' என்று உடனே கேட்கத் தோன்றும். 'இடப்பக்கம் ஒருக்களித்து' என்று பதிலும் சொல்லமுடியும். செய்முறைக் குறிப்புக்கு அந்த வசதி மிகவும் வேண்டும்.

இதையொட்டி இன்னொரு சொல். ஒருக்களித்த இரண்டு தகடு 6.4 மி.மீ., ஒரு குமிழோ 8. குறைகிற 1.6 மி.மீ. சரியாகத் தகட்டின் கனத்தில் பாதி. இதை 'அரைத்தகடு' என்றே சொல்லிவிடலாம். 'எல்' எழுத்துப் போல மடிந்த துண்டு இருக்கிறதே, 'பிராக்கெட்' என்று எழுதியிருந்தீர்கள், அதை 'மடிதகடு' என்கிறேன். அதன் நிமிர்ந்த சுவரின் கனம் அந்த அரைத்தகடுதான். மடிதகட்டின் சுவரும் இரண்டு தகடும் சேர்ந்தால் ஒரு குமிழ் நிறைந்துவிடும். எஞ்சினின் பக்கச் சுவரில் மெல்லிய வண்ணப் பட்டை ஓடவேண்டுமென்றால் இந்தக் கணக்கில்லாமல் ஒன்றும் நடக்காது.

மற்ற சொற்களில் எனக்கு அவ்வளவு பிடிவாதம் இல்லை. குமிழில்லாத வழவழப்புத் தகட்டுக்கு 'ஓடு' என்பதைவிட 'மொட்டைத் தகடு' பிடித்திருக்கிறது. மொட்டை மாடி, மொட்டைக் கத்தி வரிசையில் இயல்பாகச் சேர்ந்துகொள்கிறது. அதே மொட்டை நீராவி எஞ்சினுக்கும் உதவும். பெரிய சக்கரங்கள் மூன்று சோடி வரும்போது, வளைவில் சிக்காமலிருக்க நடுச்சோடிக்கு விளிம்பு வைப்பதில்லை. 2009-இல் வந்த லெகோவின் எமரால்டு நைட் எஞ்சினில் அப்படித்தான். ஆங்கிலத்தில் அதைக் குருட்டுச் சக்கரம் என்பார்கள். நமக்கு 'மொட்டைச் சக்கரம்' போதும். இரண்டு குமிழ் இடத்தில் நடுவே ஒற்றைக் குமிழ் மட்டும் உள்ள தகட்டுக்கு 'தாண்டுதகடு' என்று வந்த யோசனையைவிட 'நடுக்குமிழ்த் தகடு' தெளிவு. பார்த்ததும் இன்னதென்று தெரியும், அரைக்குமிழ் தள்ளிக் கட்டத்தான் அது என்பதும் பெயரிலேயே இருக்கிறது. லாரியின் தலைப்பகுதியில் டிரெய்லர் வந்து உட்காரும் தட்டை 'ஐந்தாம் சக்கரம்' என்று தயவுசெய்து எழுதவேண்டாம், படிப்பவர் சக்கரத்தைத் தேடுவார். 'இணைப்புத் தட்டு' போதும். 'போகி' மட்டும் இன்னும் இடறுகிறது. நம் பேச்சில் போகி என்றால் முழுப் பெட்டி, நமக்கு வேண்டியதோ அடியில் திரும்பும் சக்கரத் தொகுதி. இப்போதைக்குச் 'சக்கரக்கூடு' என்று எழுதியிருக்கிறேன்.

சொற்களைச் சோதித்துப் பார்க்க டேங்கர் லாரியின் உருளையை எடுத்துக்கொண்டேன். வளைசரிவுத் துண்டுகளை நான்கு புறமும் பார்க்கும்படி வைத்தால்தான் அது உருண்டையாக வரும். கையேட்டில் இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்:

"உருளையின் மேற்பாதியை நிமிர்கட்டாகக் கட்டவும். இரு விலாவிலும் மடிதகடுகளைப் பொருத்தி, வளைசரிவுகளை ஒருக்களிக்கவும். அடிவயிற்றைத் தனியே கட்டி, கவிழ்த்துச் சேர்க்கவும். கவிழ்கட்டும் நிமிர்கட்டும் சந்திக்கும் இடத்தில் குமிழோடு குமிழ் முட்டும். அங்கே மொட்டைத் தகடு வைக்கவும்."

மகளிடம் இதைக் கொடுத்து, படம் இல்லாமல் கட்டச் சொன்னேன். கட்டிவிட்டாள். ஒரே ஓர் இடத்தில் நின்றாள். 'விலா' என்றால் எஞ்சின் பக்கமா, சக்கரப் பக்கமா என்று கேட்டாள். ஆகவே 'விலா'வை எடுத்துவிட்டு 'இடம், வலம்' என்று மாற்றுகிறேன். நான்கு கட்டுச் சொற்களில் எதுவும் அவளைத் தடுக்கவில்லை.

'சக்கரக்கூடு' பற்றியும், 'கவிழ்கட்டு' என்பதைக் கட்டை கவிழ்ந்து விழுந்துவிட்டது என்று யாராவது படிக்கக்கூடுமா என்பது பற்றியும் உங்கள் கருத்து வேண்டும். வரும் ஞாயிறுவரை காத்திருக்கிறேன்.

அன்புடன்,
கையேட்டுக்காரி