பின்னணி நீக்கிய பிஎன்ஜி படங்களின் கோப்பளவை மெருகு கெடாமல் குறைப்பது எப்படி?

விளக்குக்கடை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நாச்சியார்கோவில் பித்தளைக் குத்துவிளக்குகளையும் தூக்குவிளக்குகளையும் விற்கும் எங்கள் குடும்பக் கடைக்கு ஓர் இணையதளம் நடத்தி வருகிறோம். ஒவ்வொரு விளக்கையும் சாம்பல் நிறத் துணிக்கு முன்னால் வைத்துப் படம் எடுத்து, பின்னணியை நீக்கி, அடியில் விழும் மெல்லிய நிழலை மட்டும் விட்டுவைத்து, பிஎன்ஜி கோப்பாகச் சேமிக்கிறோம். படங்கள் எல்லாம் 2000க்கு 2000 பிக்சல் அளவுடையவை. எந்தக் கோப்பும் 3 எம்பிக்குக் குறைவதில்லை. ஒரே பக்கத்தில் பல விளக்குகளைக் காட்ட வேண்டியிருப்பதால், கைப்பேசியில் பார்க்கும் வாடிக்கையாளருக்குப் பக்கம் முழுமையாகத் திறக்க வெகுநேரம் ஆகிறது.

இணையத்தில் கிடைக்கும் சுருக்கும் கருவி ஒன்றில் இட்டுப் பார்த்தபோது கோப்பு நன்றாகவே சிறுத்தது. ஆனால் பித்தளையின் பளபளப்பு பட்டை பட்டையாக உடைந்து, நிழலிலும் புள்ளிகள் தெரிந்தன. வாங்குபவர் விளக்கின் மெருகைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார் என்பதால் அதை எங்களால் ஏற்க இயலவில்லை. பின்னணி ஒளிபுகுவதாகவும் இருக்க வேண்டும், மெருகும் கெடக்கூடாது என்றால் என்ன செய்யலாம்? கடையின் சின்னமும் இப்போது பிஎன்ஜி கோப்பாகத்தான் இருக்கிறது.

நுண்புள்ளி:

வணக்கம். வழி உண்டு. கருவியைத் தேடும் முன், அந்த 3 எம்பிக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்துவிடுவது நல்லது.

பிஎன்ஜி என்பது இழப்பில்லாச் சுருக்கம் கொண்ட வடிவம். உள்ளே இட்ட ஒவ்வொரு பிக்சலையும் இம்மியும் மாறாமல் திருப்பித் தர வேண்டும் என்பதே அதன் கடமை. உங்கள் படத்தில் 40 லட்சம் பிக்சல்கள் உள்ளன. சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் அளவைச் சொல்லும் ஆல்ஃபா என ஒரு பிக்சலுக்கு 4 பைட்டுகள் வீதம், சுருக்குவதற்கு முன் அது 1.6 கோடி பைட்டுகள். திரும்பத் திரும்ப வரும் தொடர்களைக் கண்டுபிடித்துச் சுருக்குவதே பிஎன்ஜியின் முறை என்பதால், அடுத்தடுத்த பிக்சல்கள் சிறிதளவேனும் மாறிக்கொண்டே இருக்கும் ஒளிப்படத்தில் அதற்குப் பிடி கிடைப்பதில்லை. ஒரே நிறப் பரப்புகள் கொண்ட வரைபடங்களில் அது சிறப்பாக வேலை செய்வதும் இதனால்தான்.

ஆகவே முதலில் அளவைக் குறையுங்கள். பட்டியல் பக்கத்தில் விளக்கு 400 பிக்சல் அகலத்தில் தெரிகிறது என்றால், அடர்த்தியான கைப்பேசித் திரைகளையும் கணக்கில் கொண்டு 800 பிக்சல் போதும். 800க்கு 800 என்பது 6.4 லட்சம் பிக்சல்; இப்போதிருப்பதில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. குத்துவிளக்கு உயரமும் ஒடுக்கமுமான பொருள் என்பதால், இருபுறமும் உள்ள வெற்றிடத்தையும் வெட்டிவிட்டு, இடைவெளியைப் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் மொழி மூலம் விடலாம்.

அடுத்தது பலரும் கவனிக்காத ஒன்று. பின்னணி நீக்கும் மென்பொருள்களில் சில, ஆல்ஃபா மதிப்பை மட்டும் சுழியமாக்கிவிட்டு, அடியில் இருந்த நிறத்தை அப்படியே விட்டுவிடுகின்றன. உங்கள் சாம்பல் துணியின் ஒவ்வொரு இழையும் கண்ணுக்குத் தெரியாமல் கோப்புக்குள் இருந்துகொண்டு இடத்தை அடைக்கக்கூடும். ஆல்ஃபாவை நீக்கிப் பார்க்கத் தெரிந்தவர் எவரும் அதை மீட்டெடுக்கலாம் என்பதால், பின்னணியில் விலைப்பட்டியலோ முகமோ இருந்த படங்களில் இது அந்தரங்கச் சிக்கலும் ஆகும். முழுதாக ஒளிபுகும் பிக்சல்களின் நிறத்தை ஒரே மதிப்பாக்கினால் அந்தப் பரப்பு முழுவதும் ஒரே தொடராகிச் சுருங்கிவிடும். ஆக்ஸிபிஎன்ஜி என்னும் கட்டற்ற கருவியில் இதற்கெனவே ஒரு தெரிவு உண்டு. வரிசை முக்கியம்: முதலில் படத்தைச் சிறிதாக்கிவிட்டு, அதன் பிறகே இதைச் செய்ய வேண்டும். மாற்றிச் செய்தால், ஆல்ஃபாவைக் கணக்கில் கொள்ளாத மென்பொருள்களில் விளக்கின் விளிம்பைச் சுற்றிக் கரிய கோடு படியும்.

இவ்வளவும் செய்தாலும், ஒளிப்படத்துக்கு பிஎன்ஜி பொருத்தமான வடிவம் அன்று. நிறத்தில் இழப்புள்ள சுருக்கமும், ஆல்ஃபாவில் இழப்பில்லாச் சுருக்கமும் ஒரே கோப்பில் சேர்ந்து அமைவது வெப்பி வடிவத்தில்தான் எளிது. கூகுள் 2010ல் அறிமுகப்படுத்திய இந்த வடிவத்தை சஃபாரி உலாவி 2020ல் வந்த 14ஆம் பதிப்பிலிருந்து ஏற்கிறது. சேமிக்கும்போது கேட்கும் தர எண்ணை 80 என்று தொடங்கி, மெருகு கெடுகிறதா என்று பார்த்துக்கொண்டே குறையுங்கள்.

கரையோரம்:

நுண்புள்ளி அவர்கள் சொன்னவற்றுடன் உடன்படுகிறேன். ஆனால் ஒளிபுகும் பின்னணி உண்மையிலேயே தேவையா என்பதை முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று கருதுகிறேன். பக்கத்தின் பின்னணி எப்போதும் ஒரே வெள்ளைதான் என்றால், அந்த வெள்ளையைப் படத்திலேயே சேர்த்து ஜேபெக் கோப்பாக்கிவிட்டால் வேலை முடிந்தது. நிழலும் இயல்பாக இருக்கும். எல்லா உலாவிகளிலும் திறக்கும்.

விளக்குக்கடை:

இருவருக்கும் மிக்க நன்றி. பண்டிகைக் காலங்களில் பக்கத்தின் பின்னணி நிறத்தை மாற்றுகிறோம். இருண்ட தோற்றத்தில் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே ஒளிபுகும் பின்னணி கட்டாயம் வேண்டும். முன்பு முயன்ற கருவியில் பித்தளை பட்டை பட்டையாகத் தெரிந்ததற்குக் காரணம் என்ன என்பதையும் யாரேனும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

வலைத்தச்சர்:

அத்தகைய கருவிகளில் பெரும்பாலானவை, படத்திலுள்ள ஆயிரக்கணக்கான நிறங்களை 256 நிறங்கள் மட்டுமே கொண்ட ஒரு வண்ணத்தட்டுக்குள் அடக்கிவிடுகின்றன. பிஎன்ஜிகுவான்ட் கருவியும் இவ்வாறே செயல்படுகிறது. ஜிஃப் வடிவத்தில் ஒரு பிக்சல் ஒன்று முழுதாகத் தெரியும், அல்லது முழுதாக மறையும். பிஎன்ஜியின் வண்ணத்தட்டிலோ ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஆல்ஃபா மதிப்பு தரலாம். இந்த வசதியே உங்களுக்குச் சிக்கலாகிறது. கறுப்பிலிருந்து ஒன்றுமில்லாமை வரை படிப்படியாக மங்கும் நிழலின் ஒவ்வொரு படியும் தட்டில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ள, எஞ்சிய இடங்களுக்குள் பித்தளையின் பொன்னிறச் சாயல்கள் அனைத்தும் நெருக்கப்படுகின்றன. மெருகு உடைவது அங்கேதான்.

எனவே நிழலைப் படத்திலிருந்து அடியோடு நீக்கிவிடுங்கள் என்பதே என் முதன்மையான பரிந்துரை. தூக்குவிளக்கின் பின்னால் சுவரில் விழுவது போன்ற நிழலை, படத்தின் ஒளிபுகா விளிம்பைத் தானே பின்தொடரும் டிராப்-ஷேடோ என்னும் சிஎஸ்எஸ் வடிகட்டி வரைந்துவிடும். குத்துவிளக்கின் பாதத்தடியில் தரையில் படிவது போன்ற நிழலுக்கு அது பொருந்தாது. அங்கே நடுவில் கருத்து ஓரத்தில் மங்கும் வட்டச் சாயலைத் தட்டையாக்கி வைத்தால் போதும். இரண்டுக்கும் சில வரிகளே செலவாகும். பின்னணி நிறம் மாறும்போது நிழலின் அழுத்தத்தையும் உடன் மாற்றலாம். நிழல் போன பிறகு ஆல்ஃபாவில் எஞ்சுவது கூர்மையான விளிம்பு மட்டுமே என்பதால், வெப்பி கோப்பும் மேலும் சிறுக்கும்.

இன்னும் சிறிதாக வேண்டும் என்றால், வெப்பியை விடப் புதிய பட வடிவமான ஏவிஐஎஃப்பையும் சேர்க்கலாம். குரோம் 2020லும், ஃபயர்ஃபாக்ஸ் 2021லும், சஃபாரி 2022லும் அதை ஏற்கத் தொடங்கின. பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் மொழியில் பிக்சர் என்னும் உறுப்புக்குள் ஏவிஐஎஃப், வெப்பி, பிஎன்ஜி என்ற வரிசையில் மூன்றையும் குறிப்பிட்டால், உலாவி தனக்குத் தெரிந்த முதல் வடிவத்தை மட்டும் இறக்கிக்கொள்ளும். பழைய கைப்பேசிக்கு பிஎன்ஜி போய்ச் சேரும்.

கடைச் சின்னத்தை வரைந்தவரிடம், படத்தை பிக்சல்களாக அன்றிக் கோடுகளாகக் குறித்துவைக்கும் எஸ்விஜி கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். எந்த அளவிலும் கூர்மை குறையாது. வாங்கியதும் ஓர் உரைத் திருத்தியில் திறந்து பாருங்கள். கோடுகளுக்குப் பதிலாக, பழைய பிஎன்ஜியே நீண்ட எழுத்துத் தொடராக உள்ளே வைக்கப்பட்டிருந்தால் அது பெயருக்குத்தான் எஸ்விஜி. அந்த மாற்றத்தால் கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருத்தும் இருக்கும்.

சோதிக்கும்போது, தூக்குவிளக்கின் சங்கிலிக் கண்ணிகளைக் கருநிறப் பின்னணியில் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னணி நீக்கியதில் குறை இருந்தால் சாம்பல் நிறக் கசிவு முதலில் அங்கேதான் தென்படும். 2000 பிக்சல் மூலக் கோப்புகளை அழிக்க வேண்டாம். புதிய அளவு தேவைப்படும் ஒவ்வொரு முறையும் மூலத்திலிருந்தே எடுக்க வேண்டும். வெப்பியை மறுபடியும் வெப்பியாக்கினால் இழப்பின் மேல் இழப்பு சேரும்.