புதுப்பிப்பு: ஐந்து கம்பி பேஸ் கிட்டாருக்குச் சின்ன கம்ப்ரஸர் பெடல், முடிவு இதுதான்

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. எந்தக் கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அமுக்கிச் சமமாக்கும் பெடல்) வாங்கலாம் என்று நான் கேட்டிருந்தது: ஸ்லாப்பில் (கட்டைவிரலால் கம்பியை அடித்து வாசிப்பதில்) எகிறும் சத்தம் அடங்க வேண்டும், விரலில் வாசிக்கும்போது உயிர் போகக் கூடாது, பெடல்களை அடுக்கும் பெடல்போர்டிலும் இடம் குறைவு.

"மீட்டர் (அமுக்கத்தின் அளவைக் காட்டும் விளக்கு வரிசை) உள்ளதாகப் பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. எம்எக்ஸ்ஆர் எம்87 வாங்கினேன். டிசி ஸ்பெக்ட்ராகாம்ப் இன்னும் சின்னது, ஒரே குமிழ்தான். ஆனால் எவ்வளவு அமுக்குகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது.

எம்87-இல் த்ரெஷோல்ட் குமிழ் (எந்த அளவுக்கு மேல் அமுக்க வேண்டும் என்று வைப்பது) கிடையாது. இன்புட்டைக் கூட்டினால் அமுக்கமும் கூடும். ரேஷியோவை (அமுக்கும் விகிதத்தை) 4:1-இல் வைத்து, சாதாரண வாசிப்பில் இரண்டு மூன்று விளக்கு மட்டும் எரியும்வரை இன்புட்டைத் திருப்பினால் போதும். பிறகு அவுட்புட்டை பைபாஸ் (பெடலை அணைத்திருக்கும்போது வரும்) சத்தத்துக்குச் சமமாக்குங்கள். சத்தம் கூடினாலே தொனி நன்றாக இருப்பதாகக் காது ஏமாறும்.

எதிர்பாராத விஷயம் இரண்டு. ரிலீஸ் (அமுக்கம் விலகுவது) மிக வேகமாக இருந்தால் தடித்த பி கம்பி கரகரக்கிறது. அதன் அதிர்வு சுமார் 31 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு சுற்றுக்கு 32 மில்லிசெகண்ட். அந்த ஒரு சுற்றுக்குள்ளேயே கெயின் (ஒலிப் பெருக்கம்) ஏறி இறங்குவதால் அலை சிதைகிறது. ரிலீஸை மெதுவாக்கினால் கரகரப்பு மறைந்துவிடும்.

அடுத்தது, கம்பி ஓயும்போது மெல்லிய கீச்சொலி. டிஜிட்டல் டிலேயும் (எதிரொலி தரும் பெடல்) இந்தக் கம்ப்ரஸரும் ஒரே டெய்சி செயினில் (ஒரு மின் இணைப்பைப் பல பெடல்களுக்குப் பிரிக்கும் வயர்) இருந்ததுதான் காரணம். கம்ப்ரஸருக்கு மட்டும் தனித்த 9 வோல்ட் மின் அவுட்புட் கொடுத்ததும் நின்றுவிட்டது.

என்வலப் ஃபில்டர் (வாசிக்கும் அழுத்தத்துக்கேற்பத் தொனியை மாற்றும் பெடல்) வைத்திருப்பவர்கள் அதைக் கம்ப்ரஸருக்கு முன்னால் போடுங்கள். பின்னால் போட்டால் விரல் அழுத்தத்தின் ஏற்ற இறக்கம் அதற்குச் சரியாகத் தெரியாது.