தேர்தல் முடிவுக்குப் பிறகு செடிகளின் பக்கம் போக மனம் வரவில்லை, உங்களுக்கும் அப்படித்தானா?

செவ்வரத்தை (காரைதீவு), 2020 ஓகஸ்ட் 9

இந்தக் குழுமத்தில் நான் வழக்கமாக ஓர்க்கிட் வளர்ப்பைப் பற்றியே எழுதி வந்திருக்கிறேன். இன்றைய கேள்வியும் ஓர்க்கிட்டில்தான் தொடங்குகிறது. ஆனால் அது போய் நிற்கும் இடம் வேறு என்பதால் முன்கூட்டியே பொறுத்தருளக் கேட்டுக்கொள்கிறேன்.

மார்ச் மாதத்தில் ஊரடங்கு தொடங்கியபோது பதினொரு சாடிகளாக இருந்த எனது டென்ட்ரோபியம் ஓர்க்கிட்டுகள், ஜூலை முடிவில் முப்பத்தாறாகப் பெருகியிருந்தன. அவற்றுக்கு வேண்டிய சிரட்டைக் கரியையும் தென்னம்பொச்சையும் மாதம் ஒருமுறை சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து தருபவர் என் அண்ணா. வெள்ளிக்கிழமை காலையில் பாராளுமன்றத் தேர்தலில் எங்கள் மாவட்டத்தின் முடிவைப் பார்த்த பிறகு, இன்று வரைக்கும் நான் ஒரு சாடிக்கேனும் தண்ணீர் ஊற்றவில்லை. இந்தக் கச்சான் காற்றில் இரண்டு நாள் என்பது சிறிய காலம் அன்று என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கிணற்றடி வரை போய்த் திரும்பி வந்துவிடுகிறேன்.

முடிவு உங்களுக்குத் தெரிந்ததே. திகாமடுல்ல (அம்பாறை) மாவட்டத்தின் ஏழு ஆசனங்களில் ஒன்றுகூடத் தமிழர் எவருக்கும் கிடைக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கணவர் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்காக வெயிலில் திரிந்தவர். அண்ணா அகில இலங்கைத் தமிழர் மகாசபையின் கப்பல் சின்னத்துக்காகத் திரிந்தவர். அப்படியிருந்தும் புதன்கிழமை காலை மூவரும் முகக்கவசத்துடன் ஒன்றாகவே வாக்களிப்பு நிலையத்துக்குப் போனோம். அவரவர் பேனாவை அவரவரே கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தும் அண்ணா மறந்துவிட்டதால், என் பேனாவை வாங்கிக்கொண்டு போய்த்தான் புள்ளடியிட்டார். வெள்ளிக்கிழமை மாலை அதே இருவரும் எங்கள் விறாந்தையில் நின்று, "உங்களால்தான் போனது", "இல்லை, உங்களால்தான் போனது" என்று பேசிய பேச்சை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. தேநீர் ஆறிப்போய் இருக்க அண்ணா எழுந்து போய்விட்டார்.

இவ்வாறான நாட்களில் உங்கள் தையலுக்கும் தோட்டத்துக்கும் எப்படித் திரும்பிப் போகிறீர்கள்? அந்த இருவரில் யார் சொன்னது சரி என்பதை யாராவது எனக்கு விளங்கப்படுத்த முடியுமா? அது தெரிந்தாலாவது மனம் சற்று ஆறும் போலிருக்கிறது.

---

கணக்கில் பிழை விடாதவன் (கல்முனை), 2020 ஓகஸ்ட் 9

தங்கச்சி, இரண்டாவது கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனெனில் என் பொழுதுபோக்கே இந்தக் கணக்குகள்தான். முத்திரை சேர்ப்பவர்களைப் போல நான் தேர்தல் முடிவுத் தாள்களைச் சேர்த்து வைப்பவன்.

ஏழு ஆசனங்களில் ஒன்று, மாவட்டத்தில் கூடிய வாக்கு எடுத்த கட்சிக்குப் போனஸாகப் போய்விடுகிறது. இம்முறை அது மொட்டுக்கு (பொதுஜன பெரமுனவுக்கு) போனது. செல்லுபடியான வாக்குகளில் நூற்றுக்கு ஐந்தைத் தொடாத கட்சிகளையும் சுயேச்சைக் குழுக்களையும் கழித்த பின், மிஞ்சிய வாக்குகளை எஞ்சிய ஆறு ஆசனங்களால் பிரிக்கிறார்கள். நான் போட்டுப் பார்த்ததில், ஓர் ஆசனத்தின் விலை ஏறக்குறைய 60,800 வாக்குகள். 126 ஆயிரம் வாக்குகள் எடுத்த மொட்டுக்கு இதன்படி இரண்டும், 102 ஆயிரம் எடுத்த தொலைபேசிக்கு (ஐக்கிய மக்கள் சக்திக்கு) ஒன்றும் முதற் சுற்றில் கிடைத்தன. மீதி மூன்று ஆசனங்களும், அந்த விலைக்கு எட்டாமல் கையில் மிஞ்சிய வாக்குகளின் வரிசைப்படி பகிரப்படுகின்றன. மயிலிடம் (அகில இலங்கை மக்கள் காங்கிரஸிடம்) 43 ஆயிரம் இருந்தது. தொலைபேசியிடம் ஒன்று போக 41 ஆயிரம் மிஞ்சியது. குதிரையிடம் (தேசிய காங்கிரஸிடம்) 38 ஆயிரத்துச் சொச்சம் இருந்தது. மூன்றும் அங்கேயே முடிந்துவிட்டன. அடுத்த படியில் நின்றது 29 ஆயிரத்துச் சொச்சம் எடுத்த கப்பல். அதற்கும் கீழே 25 ஆயிரத்துச் சொச்சம் எடுத்த வீடு.

இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 54 ஆயிரத்துக்கும் மேல் வருகிறது. ஒரே பட்டியலில் அந்த வாக்குகள் விழுந்திருந்தால், அவை முழு விலைக்கு எட்டாவிட்டாலும், அந்த மீதி வரிசையில் எல்லாருக்கும் மேலே நின்று ஓர் ஆசனத்தை நிச்சயமாகப் பெற்றிருக்கும். 2015ஆம் ஆண்டில் 45 ஆயிரத்துச் சொச்சம் வாக்குகளுடன் வீடு தனியே ஓர் ஆசனத்தைப் பெற்றது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே உங்கள் கணவர் சொன்னதும் சரி, அண்ணா சொன்னதும் சரி. கப்பலில் இருந்து பத்தாயிரம் பேர் இறங்கியிருந்தாலும் வீட்டுக்கு ஆசனம் கிடைத்திருக்காது. வீட்டில் இருந்து பத்தாயிரம் பேர் ஏறியிருந்தால் கப்பலுக்குக் கிடைத்திருக்கும். இதைச் சொல்வதால் நான் கப்பல்காரன் என்று எவரும் எண்ண வேண்டாம். எண்கள் அப்படி இருக்கின்றன, அவ்வளவுதான்.

---

மண்புழு (அக்கரைப்பற்று), 2020 ஓகஸ்ட் 10

இங்கே அரசியல் பேசுவதில்லை என்றுதான் நாம் ஆரம்பத்தில் இணங்கிக்கொண்டோம். நாடு முழுவதும் பேசித் தீர்த்துக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கும் கொண்டுவந்தால், கத்தரிக்குப் பூச்சி விழுந்ததைச் சொல்லுவதற்கு எனக்கு வேறு இடம் இல்லாமல் போய்விடும்.

---

கல்லடிப் பாலத்தடி (மட்டக்களப்பு), 2020 ஓகஸ்ட் 10

மண்புழு அண்ணன் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ஒருவர் செடிக்குத் தண்ணீர் ஊற்ற முடியாமல் இருப்பதற்கான காரணத்தை இந்தக் குழுமத்தில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். உங்கள் ஊரவர்கள் ஒற்றுமை இல்லாதவர்கள் என்று இரண்டு நாட்களாக எங்கள் பக்கத்தில் பலரும் பேசிக்கொள்கிறார்கள். அதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. மட்டக்களப்பு மாவட்டத்தில் நாங்களும்தான் வீடு, படகு (தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சி), மொட்டு என்று சிதறி வாக்களித்தோம். ஆயினும் ஐந்து ஆசனங்களில் நான்கு தமிழர்களுக்குக் கிடைத்தன, ஏனென்றால் இங்கே நாங்கள் பெரும்பான்மையினர். அம்பாறை மாவட்டத்தில், 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, தமிழர் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினேழு பேர். நாங்கள் செய்த அதே பிழையை நீங்களும் செய்தீர்கள். தண்டனை உங்களுக்கு மட்டும் கிடைத்தது. மாலையில் பாலத்தடியில் தூண்டில் போட்டுக்கொண்டு இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மீன் எதுவும் அகப்படவில்லை என்பது வேறு விடயம்.

---

தறியும் நூலும் (மருதமுனை), 2020 ஓகஸ்ட் 11

செவ்வரத்தை தங்கச்சி, நான் எழுதலாமா கூடாதா என்று ஒரு நாள் யோசித்த பின்னரே எழுதுகிறேன். உங்களுக்குக் கிடைக்காத ஆசனத்தில் எங்கள் முஸ்லிம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெருவில் பேசப்படுகின்ற நாட்களில், மருதமுனையில் இருந்து ஒருத்தி ஆறுதல் சொன்னால் அது எப்படி எடுத்துக்கொள்ளப்படுமோ என்ற தயக்கம் எனக்கு இருந்தது.

மேலே கணக்கு எழுதிய தம்பி 2015ஆம் ஆண்டின் ஒரு பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். அந்தத் தேர்தலில் மயிலுக்கு இந்த மாவட்டத்தில் 33 ஆயிரம் வாக்குகள் விழுந்தும் ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. எங்கள் வீடு அப்போது மயில் வீடு. கைத்தறி எங்கள் ஊரின் தொழில் என்று எல்லாரும் அறிவார்கள். எனக்கு அது தொழில் இல்லை, வாப்பா விட்டுப்போன ஒரு தறியில் பொழுதுபோக்காக நெய்து வருகிறேன். அந்த முடிவு வந்த பிறகு, பா ஏற்றிய தறியை நான் ஒன்பது நாட்கள் தொடவில்லை. பத்தாம் நாள் உட்கார்ந்தபோது கரையின் நிற வரிசையை மறந்துபோய், பச்சைக்குப் பதிலாக மஞ்சளை ஊடையாகப் போட்டு ஒரு முழம் வரை நெய்துவிட்டேன். பிரித்து எடுக்கவில்லை. அந்தச் சாரனை இப்போதும் என் மகன் உடுத்துகிறான், கேட்பவர்களிடம் அது புது மோஸ்தர் என்று சொல்லுகிறான்.

ஆகவே எப்போது திரும்பிப் போவது என்று நீங்கள் கேட்டதற்கு என்னிடம் உள்ள பதில் இதுதான்: மனம் சரியான பிறகு போகலாம் என்று நான் ஒன்பது நாட்கள் காத்திருந்தேன், அது சரியாகவில்லை, சரியாகாத மனத்துடனேயே போய் உட்கார்ந்தேன். ஆனால் நூல் காத்திருக்கும், உங்கள் செடி காத்திருக்காது.

---

ஓய்வுபெற்ற வாத்தியார் (திருக்கோவில்), 2020 ஓகஸ்ட் 12

மகள், முதலில் செடிகளைக் கவனிப்போம், மற்றதைப் பிறகு பேசுவோம்.

டென்ட்ரோபியத்தின் தண்டு தடிப்பாக இருப்பதே தண்ணீரைச் சேமித்து வைப்பதற்காகத்தான். தண்டு சுருங்கி வரிவரியாகத் தெரிந்தாலும், வேரின் நுனியில் பச்சை இருக்குமானால் செடி பிழைக்கும். சாடிகளை ஒவ்வொன்றாக வாளித் தண்ணீரில் இருபது நிமிடம் அமிழ்த்தி வைத்து, நன்றாக வடியவிட்டுத் தொங்கவிடுங்கள். உங்கள் ஊர்க் கடற்கரைப் பக்கத்துக் கிணறுகளில் உவர் கலந்திருக்கக்கூடும். வேரில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அந்தத் தண்ணீரை ஊற்றாதீர்கள். கச்சான் ஓயும் வரை மேற்குப் பக்கத்தில் கிடுகு ஒன்றைக் கட்டி மறையுங்கள். விடியற்காலையில் நீர் தெளியுங்கள். இரவில் இலை ஈரமாக இருந்தால் கரும்புள்ளி விழும். உரம் இப்போது வேண்டவே வேண்டாம். களைத்து விழுந்தவனுக்கு முதலில் யாரும் பிரியாணி கொடுப்பதில்லை.

இனி மற்றது. உங்கள் ஊரிலே கண்ணகை அம்மன் கோயில் இருப்பதால் கொம்புமுறி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஊர் முழுவதும் வடசேரி என்றும் தென்சேரி என்றும் இரண்டாகப் பிரிந்து, ஒன்று கோவலன் பக்கமாகவும் மற்றது கண்ணகி பக்கமாகவும் நின்று, வளைந்த கொம்புகளை ஒன்றுடன் ஒன்று கொளுவி இழுத்து முறிப்பார்கள். ஒரே வீட்டில் கணவன் ஒரு சேரியாகவும் மனைவி மறு சேரியாகவும் இருப்பதுண்டு. தோற்ற சேரியை வென்ற சேரி பாட்டிலேயே வைது தீர்க்கும். ஆனால் எந்தக் கொம்பு முறிந்தாலும் அம்மன் குளிர்ந்து மழை பெய்யும், அந்த மழை இரண்டு சேரி வயலிலும் பெய்யும் என்பது நம்பிக்கை. உங்கள் விறாந்தையில் நடந்ததற்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் இரண்டு நாட்களாக யோசித்தேன். இங்கே இரண்டு கொம்பும் முறிந்துவிட்டன. வைவதற்கு வென்ற சேரி என்று ஒன்று இல்லாததால், தோற்றவர்கள் இருவரும் ஒருவரையொருவர் வைகிறார்கள்.

தேசியப் பட்டியலில் தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்த ஒரே ஆசனத்தை நாவிதன்வெளிப் பிரதேச சபையின் முன்னாள் தவிசாளர் கலையரசனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எனவே பாராளுமன்றத்தில் இம்மாவட்டத்துத் தமிழர் ஒருவர் இருப்பார். இதை ஆறுதல் பரிசு என்று சிலர் சொல்கிறார்கள். நாம் வாக்களித்து அனுப்பியவருக்கும் கட்சி தெரிந்து அனுப்பியவருக்கும் வித்தியாசம் உண்டு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும் தமிழரின் கோரிக்கைக்காகக் கடந்த ஆண்டு ஜூனில் உண்ணாவிரதம் இருந்து பார்த்த மாவட்டம் இது. கடிதம் எழுதுவதற்கு ஒரு முகவரி இருப்பதும் இல்லாமல் இருப்பதும் ஒன்றாகிவிடாது.

அண்ணாவை நீங்களாகப் போய்க் கூப்பிட வேண்டாம். போக வேண்டியவர் உங்கள் கணவர். மச்சான்மார் சண்டையில் தங்கை தூது போனால் அது இன்னும் ஒரு மாதம் நீளும் என்பது என் சொந்த அனுபவம்.

---

மண்புழு (அக்கரைப்பற்று), 2020 ஓகஸ்ட் 12

வாத்தியார் ஐயா, அந்தக் கிடுகு யோசனையைக் கத்தரிக்கும் செய்யலாமா? என் வீட்டில் கன்றுகள் பத்து மணிக்கே வாடி விழுகின்றன. (முதலில் எழுதியதை நான் மீளப் பெறவில்லை, ஆனால் இந்த இழையை மூடச் சொல்லவும் இல்லை.)

---

செவ்வரத்தை (காரைதீவு), 2020 ஓகஸ்ட் 17

எல்லாருக்கும் ஒன்றாகப் பதில் எழுதுகிறேன். தறியும் நூலும் ராத்தாவுக்கு முதலில்: உங்கள் பதிலை வாசித்த அன்று மாலையே வாளியை எடுத்துக்கொண்டு போனேன். முப்பத்தாறில் இரண்டு போய்விட்டன. மற்றவை வாத்தியார் ஐயா சொன்னவாறு அமிழ்த்தி எடுத்ததில் தண்டுகள் மெல்ல நிமிர்ந்து வருகின்றன. வேர் நுனிகளில் பச்சை தெரிகிறது.

கணக்கை என் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். இருமுறை வாசிக்கச் சொன்னார், பத்தாயிரம் என்ற இடத்தில் முகம் கறுத்தது, பிறகு எதுவும் பேசவில்லை. வாத்தியார் ஐயா சொன்னதைச் சொன்னபோது மட்டும், "அவர் எங்கள் வீட்டை எட்டிப் பார்த்தாரா?" என்று கேட்டார். ஆனால் அண்ணாவிடம் போகவில்லை. கணவர் போவதற்கு முன்பே நேற்று ஞாயிற்றுக்கிழமை காலையில், படலையில் ஒரு சாக்குக் கரி சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அண்ணா உள்ளே வராமலே போயிருந்தார். கணவர் அந்தச் சாக்கைத் தூக்கிவந்து விறாந்தையில் வைத்துவிட்டு, இன்று மாலை சாக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தானாகவே சொன்னார். வெறும் சாக்கைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இதுவரை இருந்ததில்லை.

வாத்தியார் ஐயா, ஒரு சந்தேகம். இம்முறை வந்த கரித் துண்டுகள் பெரியவை, ஏறக்குறைய முழுச் சிரட்டை அளவு. உடைத்துப் போடுவதா, அப்படியே போடுவதா? அண்ணா எப்போதும் உடைத்துத்தான் கொண்டுவருவார்.