நிலம்பூர் கோனோலி தேக்குத் தோட்டம்: தர்மபுரியிலிருந்து செல்லத் தகுந்ததா?

பாலக்கோட்டு விவசாயி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வரப்பில் என் தந்தையார் நட்ட தேக்கு மரங்களை விற்பதா, இன்னும் சில ஆண்டுகள் விட்டுவைப்பதா என்று வீட்டில் பேச்சு நடக்கும் இவ்வேளையில், நட்ட தேக்கை வெட்டாமல் விட்டால் எப்படி வளரும் என்பதை அவருக்குக் கேரளத்தின் நிலம்பூரில் உள்ள பழைய தேக்குத் தோட்டத்தில் காட்ட விரும்புகிறேன். மாங்காய் அறுவடைக்கு முன், மாசியில் செல்லலாமா? எந்த வழி நல்லது?

காரிமங்கலம் வாசகர்:
மாசியில் வேண்டாம், ஐயா. இலையுதிர்ந்து மரங்கள் மொட்டையாக நிற்கும். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தபின், ஐப்பசி கடைசியில் செல்லுங்கள். சாலியாற்றைக் கடந்தே தோட்டத்துக்குள் நுழைய வேண்டும்; அங்கிருந்த தொங்கு பாலம் 2019 வெள்ளத்தில் சேதமடைந்தது என்பதால், கடக்கும் வசதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

கப்பல் கட்டுவதற்கான தேக்கு இயற்கைக் காடுகளில் அருகிவந்த 1840-களில், மலபார் கலெக்டர் கோனோலி இங்கே நடவைத் தொடங்கினார். ஓடு கெட்டியான தேக்கு விதை முதலில் முளைக்க மறுத்தது. நாற்று உண்டாக்கி நடவை நிலைநிறுத்திய பெருமை சாத்து மேனன் என்ற உள்ளூர் அதிகாரியையே சேரும், ஆயினும் தோட்டத்துக்கு அமைந்ததோ கலெக்டரின் பெயர். இன்று எஞ்சியிருப்பது ஆறு ஏக்கருக்கும் குறைவே. பெருங்காட்டை எதிர்பார்த்துச் சென்றால் ஏமாற்றமே மிஞ்சும்.

கிருஷ்ணகிரி பயணி:
வயதானவருடன் செல்வதால் ரயிலே என் பரிந்துரை. சேலத்திலிருந்து ஷொரணூர் சென்று, அங்கிருந்து 66 கிலோமீட்டர் நீளமுள்ள கிளைப் பாதையில் நிலம்பூர் ரோடு நிலையத்தில் இறங்கலாம். எங்கள் ஊர்க்காரர்கள் மைசூர், கூடலூர், நாடுகாணி வழியாகக் காரில் செல்வதுண்டு; பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படுவதையும், நீலகிரி மாவட்டத்துக்குள் நுழைய இ-பாஸ் தேவைப்படுவதையும் கருதியே புறப்பட வேண்டும்.

மர வியாபாரத்தில் இருப்பவர்:
ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வரப்புத் தேக்குக்கு நாற்புறமும் வெயில் கிடைப்பதால் தாழ்வாகவே கிளை பிரிந்து, அடிமரத்தில் கணு விழுகிறது. நெருக்கி நட்டு, வளர வளர இடையிடையே மரம் கழித்த தோட்டத்தில்தான் தண்டு கிளையின்றி நெடுநெடுவென உயரும். ஆகவே நிலம்பூர்த் தோட்ட மரங்களைக் கண்டு உங்கள் மரத்துக்கு விலை கணிக்காதீர்கள். ஊருக்குத் திரும்பிய பின், மார்பளவு உயரத்தில் சுற்றளவு எடுத்துவைத்து, அடுத்த ஆண்டும் அளந்து பாருங்கள். பருமன் இன்னும் கூடிக்கொண்டிருந்தால், அவசரப் பணத்தேவை இல்லாதவரை கோடரி வைக்க வேண்டாம்.

பாலக்கோட்டு விவசாயி:
மிக்க நன்றி. ஐப்பசியில் ரயிலிலேயே செல்கிறோம். சுற்றளவை இந்த வாரமே எடுத்துவிடுகிறேன்.